இடப்பக்கம் வளையும்போது மட்டும்

சத்தத்தைச் சொல்லச் சொன்னால்
எல்லோரும் வாயால்தான் செய்து காட்டுவார்கள்.
உரக்கடை தண்டாயுதம் கன்னத்தை உப்பி
'புடுக் புடுக்' என்பார்: சைலன்சர்.
கல்யாண மண்டப மேனேஜர்
பல்லைக் கடித்து 'நறநற': பிரேக் கட்டை.
ஒருவர் வெட்கப்பட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு,
என் காதோரம் 'கீய்ங்' என்றார்.
அது பெல்ட்.
இந்தப் பட்சி ஜோசியத்தில்தான்
என் பட்டறை ஓடுகிறது.

ரஹ்மத் நிஷா டீச்சர் வாயைத் திறக்கவில்லை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினார்.

திங்கள்: லெட்சுமாங்குடி பாலம் இறங்கி வளைவில்.
இடப்பக்கம் மட்டும்.
செவ்வாய்: இரண்டு முறை. வேகம் முப்பது.
புதன்: மழை. இல்லை.
வியாழன்: இல்லை.
வெள்ளி: இல்லை.
சனி: நல்ல வெயில். மறுபடி.

கீழே சிவப்பு மையில் ஒரே வரி:
யாரோ புரண்டு படுப்பதுபோல்.

மூன்று பட்டறை பார்த்தாயிற்றாம்.
'ஒண்ணும் இல்லக்கா' என்று ஒருவன்.
'பாட்டை சத்தமா வச்சுக்குங்க' என்று ஒருவன்.
மூன்றாமவன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி
நாலாயிரத்து எண்ணூறு வாங்கியிருக்கிறான்.
ஜொகூரிலிருந்து வீட்டுக்காரர் சொன்னது:
'கோளாறு ஒன் காதுலதான்.'

வண்டியை அவரையே ஓட்டச் சொன்னேன்.
கண்ணாடி ஏற்றி, ஃபேனை நிறுத்தி,
மென்றுகொண்டிருந்த பாக்கைத் துப்பிவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பாலம் இறங்கியது. வளைந்தது.
இருந்தது.

திரும்பும்போது டக்டக் என்றால் ஆக்சில்.
இது டக்டக் இல்லை.
சக்கரம் சுற்றும் கணக்குக்கு அடங்காமல்
ஒருதரம் சரிந்து, ஓய்ந்துவிடுகிறது.
டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தேன்: இருந்தது.
ஸ்டெப்னியை இறக்கினேன்: இருந்தது.
டேஷ்போர்டுப் பெட்டியில் அத்தர் பாட்டில்,
உடைந்த சாக்பீஸ்,
எவனிடமோ பிடுங்கி வைத்த பம்பரம்.
எல்லாவற்றையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மறுபடி பாலம் ஏறி இறங்கினோம்.
இருந்தது.

மழைக்கு மட்டும் நல்லபிள்ளையாகிற நோய்
இரும்புக்குக் கிடையாது.
ரப்பர் நனைந்தால் வாயை மூடும்,
ஆனால் மூன்று நாள் மூடாது.

'வண்டி எங்க நிக்கும் டீச்சர்?'
'வீட்டுக்குப் பின்னாடி. அதுக்கு அந்தாண்ட வயல்.
போன மாசம்தான் மிஷின் வந்து அறுத்துட்டுப் போச்சு.'

நோட்டை இன்னொரு முறை பார்த்தேன்.
வைப்பரைக் கழற்றி
கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியைத் தூக்கினேன்.

நெல்.

முக்கால் படி தேறும்.
பதரில்லை, கல்லில்லை,
கடைசி மூலையில் மட்டும் பத்துப் பதினைந்து
வெள்ளையாய் முளைவிட்டிருந்தன.
அறுப்பு மிஷினுக்கு வளையைப் பறிகொடுத்த எலி
வேகன்ஆரில் குதிர் கட்டியிருக்கிறது.
தினமும் காலை எட்டே காலுக்கு
குதிர் திருவாரூர் கிளம்பிப் போய்
நாலு பீரியடு வெயிலில் காய்ந்து
சாயந்திரம் ஊர் திரும்பியிருக்கிறது.
இடப்பக்கம் வளைந்தால் நெல் வலப்பக்கம் சரியும்.
நனைந்தால் ஊறி ஒட்டிக்கிடக்கும்.
காய மூன்று நாள் வேண்டும்.
ஈரப்பதம் கூடுதல் என்று
கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தள்ளிவைப்பார்களே,
அதே கணக்கு.

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து
ஜொகூருக்குப் போட்டார்.
சலாமுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.
ஒரு பிடி நெல்லை அள்ளி,
ஃபோனுக்குப் பக்கத்தில்,
பானட் தகரத்தின் மேல்
மெல்லச் சரித்தார்.

'கேக்குதா?'

லைனில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

'இன்னொரு தடவை' என்றது ஜொகூர்.

எலி கடித்த ஒயர் ஒன்று இருந்தது.
நான் அதற்கு டேப் சுற்றிவிட்டு
ஓட்டை அடைக்கக் கம்பிவலை வெட்டப் போனேன்.